கச்சான் காற்றுக்கு ஒரு டிஸ்க் வீல்: குறைந்த செலவில் பார்த்து வாங்குவது எப்படி

டைம் ட்ரயல் (தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயம்) சைக்கிளுக்குக் கார்பன் டிஸ்க் வீல் வாங்க ஆசைப்பட்டு, விலையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிஸ்க் பிரேக்கைச் சொல்லவில்லை. கம்பி வெளியே தெரியாமல் இரண்டு பக்கமும் முழுக்க மூடிய பின்சக்கரத்தைச் சொல்கிறேன். நான் மண்டபம் ஊரில் ஃபைபர் படகுகளுக்கு ரெசின் வேலை பார்க்கிறவன். விடியும் முன் சைக்கிள், வெயில் ஏறினால் படகு. ஃபைபர் படகும் கார்பன் வீலும் இழையையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்ததுதான். அதனால் படகில் கற்றது வீல் பார்க்கும்போது எனக்கு நன்றாகவே உதவுகிறது.

இராமநாதபுரம் கரையில் ஓட்டுகிறவர்கள் காற்றையும் உப்பையும் மனதில் வைத்துத்தான் டிஸ்க் வீல் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பிராண்டு பெயரும், இத்தனை வாட் சக்தி மிச்சம் என்று விளம்பரத்தில் போடும் கணக்கும் அதற்கு அப்புறம்தான். வீல் உங்கள் ஃபிரேமுக்குள் பொருந்த வேண்டும், பேரிங்கைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், உள்ளே அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் சரி என்றால் பத்து வருடப் பழைய வீலையும் தைரியமாக வாங்கலாம். டிஸ்க் வீல் ஒன்றும் நேற்று வந்த சரக்கு இல்லை. 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் டிஸ்க் வீல்களோடு ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அதற்குப் பிறகு ரிம் அகலமாகியிருக்கிறது, டயர் மாறியிருக்கிறது, டிஸ்க் பிரேக் வந்திருக்கிறது. ஆனால் மூடிய சக்கரம் காற்றைக் கிழிக்கும் விதம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் படுத்து ஓட்டும் நிலை சரியாக அமையாதவர், கெட்டியான சாதா டயரில் ஓட்டுகிறவர், தொளதொள சட்டை போட்டு ஓட்டுகிறவர் ஆகியோர் அந்தக் காசை முதலில் அங்கே போடுங்கள். நல்ல பந்தய டயரும் லேடெக்ஸ் டியூபும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், பலனும் கைமேல் தெரியும். டிஸ்க் வீல் இதெல்லாம் முடிந்த பிறகு செய்கிற செலவு.

காற்றுக் கணக்கு

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நமக்குக் கச்சான். தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்குப் போகும் சாலை தென்கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே போகும்போது கச்சான் வலது தோளில் நேர்குறுக்காக விழும், வரும்போது இடது தோளில் விழும். வாடைக் காலத்தில் பக்கம் மட்டும் மாறும், குறுக்கே விழுவது மாறாது. கீழக்கரையிலிருந்து சாயல்குடி பக்கம் போனால் அதே கச்சான் இடது முன்பக்கமிருந்து சாய்வாக வந்து அறையும். திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

இது டிஸ்க் வீலுக்கு நல்ல செய்தி, ஓர் அளவு வரைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது பக்கத்திலிருந்து 10 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், சைக்கிள் மீது படும் காற்று நேராக வராமல் ஏறக்குறைய 14 டிகிரி சாய்ந்து வரும். கம்பிச் சக்கரத்தில் அந்தக் காற்று கம்பிகளுக்குள் புகுந்து கலைந்து இழுக்கும். மூடிய சக்கரத்திலோ பரப்பை ஒட்டி வழுக்கி ஓடும், படகுப் பாய் மாதிரி ஒரு சிறு பங்கை முன்னோக்கித் தள்ளவும் செய்யும். சாய்ந்த காற்றில் டிஸ்க் வீல் நேர்காற்றைவிட நன்றாக ஓடுவது இதனால்தான். அதே வேகத்தில் பக்கக்காற்று 20 கிலோமீட்டரானால் சாய்வு 26 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது காற்று பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். முன்னோக்கிய தள்ளல் போய்ப் பக்கவாட்டுத் தள்ளல்தான் மிஞ்சும். ஆடி மாதம் பதினொரு மணிக்குத் தனுஷ்கோடி சாலையில் டிஸ்க் வீலோடு போனால் இது உடம்புக்குத் தெரியும். விடியற்காலையில் கச்சான் கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்த நேரத்தில் ஓட்டுங்கள்.

பின்சக்கரத்தில் உங்கள் உடல் எடை அழுந்தி இருக்கிறது, திசை திருப்பும் வேலையும் அதற்கு இல்லை. அதனால் காற்று தள்ளினாலும் சைக்கிள் மொத்தமாக ஓர் ஓரம் நகருமே ஒழிய கைப்பிடி திடீரென்று வெட்டாது. வெட்டுவது முன்சக்கரம். எனவே டிஸ்க் வீல் வாங்கும் வேகத்தில் முன்பக்கமும் 80, 90 மில்லிமீட்டர் ஆழமான ரிம் வாங்கிவிடாதீர்கள். நம் கரைக்கு முன்னால் 50 மில்லிமீட்டர் போதும், எடை குறைந்தவர்களுக்கு 40 இன்னும் நல்லது. ஹவாயில் கோனா ஊரில் நடக்கும் அயர்ன்மேன் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) உலகச் சாம்பியன் போட்டியில் காற்றுக்காகவே பல வருடம் டிஸ்க் வீலுக்குத் தடை இருந்தது. கச்சான் காலத்துப் பாம்பன் சாலைப் பாலத்துக்கு அதே விதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காற்று ஓர் அளவைத் தாண்டினால் பக்கத்துப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் அது. போதாததற்கு எதிரே வரும் சுற்றுலாப் பேருந்து கடக்கும் நொடியில் காற்று அறுந்து, மறுநொடி திரும்ப அடிக்கும்.

காற்றில் தாக்குப்பிடிப்போமா என்று சந்தேகமாக இருந்தால், வாங்குமுன் மலிவாகச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இப்போதிருக்கும் பின்சக்கரத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு பக்கமும் மூடி செய்து மாட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடாக இருக்க வேண்டும். வட்டமாக வெட்டி, நடுவில் ஹப்புக்கு (அச்சு ஓடும் நடு உருளைக்கு) ஓட்டை போட்டு, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் கீறி, லேசாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தட்டையான தகடு கூம்பாகிவிடும். அதைக் கம்பிகளோடு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால் முடிந்தது. ரிம் பிரேக் சைக்கிள் என்றால் மூடி பிரேக் கட்டையில் உரசாதபடி சின்னதாக வெட்டுங்கள். காற்று விஷயத்தில் இது உண்மையான டிஸ்க் வீலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஒரு கச்சான் மாதம் இதோடு ஓட்டிப் பாருங்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் இப்படிப் பொருத்திய மூடிகளை ஏற்கமாட்டார்கள், வீலே டிஸ்க்காக இருக்க வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லாதவருக்கு மூடியே போதும் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் ஃபிரேமை அளந்து கொள்ளுங்கள்

விலை பேசுவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். பழைய டைம் ட்ரயல் ஃபிரேம்களில் பின்சக்கரத்தைச் சுற்றி இடம் மிகக் குறைவு. அந்தக் காலத்து 23 மில்லிமீட்டர் டயருக்கென்றே செய்தவை. இன்றைய டிஸ்க் வீல்களின் ரிம் வெளி அகலம் 27, 28 மில்லிமீட்டர் வரை போகிறது. பின் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே டயர் ஓடும் இடத்தில் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதிவையுங்கள். டிஸ்க் வீல் சில தட்டையாக இருக்கும், சில நடுவில் உப்பலாக இருக்கும். ரிம் அகலம் சரியாக இருந்தும் உப்பல் பகுதி ஃபிரேமில் உரசுவது உண்டு. ஆகவே விற்பவரிடம் ரிம் அகலத்தோடு, வீலின் அதிகபட்ச அகலம் எவ்வளவு, அது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பிரேக் கட்டை போதுமான அளவு விரியுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அச்சு. ரிம் பிரேக் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் அகல ஹப், டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு 142 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டர் அச்சும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேசட் என்னும் பின்பக்கப் பல்சக்கர அடுக்கு ஏறும் ஃப்ரீஹப்பில்தான் பழைய வீல் வாங்குவோர் ஏமாறுவார்கள். 8, 9, 10 ஸ்பீடு காலத்து ஃப்ரீஹப்பில் ரோடு சைக்கிளின் 11 ஸ்பீடு கேசட் முழுதாக இறங்காது. கியர் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு ஃப்ரீஹப் இருந்தால் நல்லது. அதில் ஷிமானோவின் 12 ஸ்பீடு ரோடு கேசட்டும் ஏறும், மெல்லிய வளையம் ஒன்று போட்டால் 10 ஸ்பீடும் ஏறும். மற்றொரு கியர் நிறுவனமான ஸ்ராமின் 12 ஸ்பீடுக்குப் பெரும்பாலும் எக்ஸ்டிஆர் என்ற தனி ஃப்ரீஹப் வேண்டும்.

அப்புறம் டயர் வகை. பழைய சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பவை டியூபுலர் டிஸ்க் வீல்கள். டயரைப் பசை போட்டு ரிம்மில் ஒட்ட வேண்டியவை. மதுரைக்கு வடக்கே இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும், நம் மாவட்டத்தில் வேண்டாம். சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். தனுஷ்கோடிக்கு நடுவில் டியூபுலர் பஞ்சரானால் வண்டி பிடித்துத்தான் வீடு வர வேண்டும். டயர் உள்ளே டியூப் போடும் கிளிஞ்சர் வாங்குங்கள், அல்லது டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி உள்ள டியூப்லெஸ் ரிம் வாங்குங்கள். புதிதாக வருபவற்றில் ஓரத்தில் கொக்கி இல்லாத ரிம்களும் உண்டு. அவற்றுக்குக் காற்றழுத்தம் 5 பாருக்கு மேல், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, அதற்கென்று அனுமதித்த டயரைத்தான் போட வேண்டும். 110 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர்கள் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்று போகும்.

எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். நம் ஊரில் மேடு என்று இருப்பது பாம்பன் பாலம் ஒன்றுதான். வீல் 200, 300 கிராம் கூடினாலும் சமதரையில் தெரியாது. எடை குறைந்த டிஸ்க் வீலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இங்கே வீண்.

பழைய வீலைத் தட்டிப் பார்ப்பது

டிஸ்க் வீலின் உட்புறம் இரண்டு விதம். சிலவற்றில் உள்ளே வழக்கமான கம்பிச் சக்கரம் இருக்கும், அதன்மேல் கார்பன் தகட்டை ஒட்டியிருப்பார்கள். ஹெட் ஜெட் டிஸ்க், ஃப்ளோ நிறுவனத்தின் பழைய டிஸ்க் போன்றவை அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் தகடு போட்டவை. மற்றவை ரிம் முதல் ஹப் வரை ஒரே கார்பன் உடம்பு, நடுவில் நுரையோ தேன்கூடு அமைப்போ இருக்கும். இரண்டாவது வகை உறுதியானது, ஓட்ட விறைப்பாக இருக்கும். ஆனால் கோணினால் நிமிர்த்த வழியில்லை. முதல் வகையை நான் நம் பக்கத்துக்குச் சிபாரிசு செய்கிறேன். அலுமினியப் பிரேக் பரப்பு மழையிலும் பிடிக்கும், தனுஷ்கோடி மணல் பட்டுத் தேய்ந்தாலும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்.

பழைய வீலை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் டிரையத்லான் ஓடுகிறவர்கள் புதிது வாங்கும்போது பழையதைத் தள்ளிவிடுவார்கள். அங்கே யாராவது தெரிந்தவரை அனுப்பியாவது பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும் முறை இது.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, வீலின் முகம் முழுக்க, இரண்டு விரல் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். அமைதியான அறையில் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று இறுக்கமான ஒரே சத்தம் வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகி ‘தொப்’ என்று அடங்கும். படகின் அடிப்பக்கத்தில் மேட் (ஃபைபர் இழை விரிப்பு) எழும்பிய இடத்தை நாங்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காது சொல்லிவிடும். நுரை வைத்த வீலில் நடுவிலும் ஓரத்திலும் சத்தம் இயல்பாகவே வேறுபடும். அதனால் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் வட்டமாகத் தட்டி வந்து ஒப்பிடுங்கள், இடது முகத்தையும் வலது முகத்தையும் ஒப்பிடுங்கள். ஹப்பைச் சுற்றியும், வால்வு ஓட்டையைச் சுற்றியும், ரிம்மும் தகடும் சேரும் விளிம்பிலும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பிறகு வெயிலில் சாய்த்துப் பிடித்து, பரப்பில் ஒளி ஓடுவதைப் பாருங்கள். ஒளிக்கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. புதுப் பெயின்ட்டோ, ஒரே இடத்தில் பெரிய ஸ்டிக்கரோ இருந்தால் அதற்குக் கீழே என்ன என்று கேளுங்கள். ரிம் பிரேக் கார்பன் வீலில் பிரேக் பரப்பை விரல் நகத்தால் சுற்றிலும் வருடுங்கள். புடைப்பு இருந்தால் சூட்டில் ரெசின் இளகியிருக்கிறது, விட்டுவிடுங்கள். டயரைக் கழற்றச் சொல்லி ரிம்மின் கொக்கி ஓரத்தையும் பாருங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஹப். வீலைச் சைக்கிளில் மாட்டி, மேல் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அது விலையைக் குறைக்க ஒரு காரணமே தவிர, வீலை நிராகரிக்கக் காரணமில்லை. பேரிங்கைத் தட்டி எடுத்து மாற்றும்படியான ஹப்பா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உச்சிப்புளித் தம்பி ஒருவர் ரிம்மில் விரிசல் விட்ட வீல் ஒன்றைக் கொண்டுவந்து, “அண்ணே, உங்ககிட்ட ரெசின் இருக்குல்ல, அடைச்சுக் கொடுத்துருங்க” என்றார். “வேண்டாம் தம்பி, இதுல உசுரு தொங்குது” என்று திருப்பி அனுப்பினேன். படகுக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின், வீல் செய்வது எப்பாக்ஸியில். படகில் கசிவை நிறுத்தினால் போதும். ரிம்மிலோ டயரின் அழுத்தத்தையும் பள்ளத்தின் அடியையும் தாங்கும் இழையே அறுந்து கிடக்கிறது. மேலே எதைப் பூசினாலும் அறுந்த இழை சேராது. மேல்தகட்டில் மட்டும் சின்னக் கீறல் என்றால் எப்பாக்ஸி தடவி நீர் புகாமல் மூடலாம். ரிம்மில் விரிசல் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதிது என்றால்

பெரிய பெயர்களில் புது டிஸ்க் வீல் ஒரு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போகிறது. சீனாவில் செய்து நேராக விற்கும் நிறுவனங்களிடம் அதில் ஒரு பகுதி விலைக்கே கிடைக்கும். வாங்கும்போது ஹப் எந்த நிறுவனத்தினுடையது, பேரிங் எண் என்ன, உதிரி ஃப்ரீஹப் தனியாக விற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலையைவிட அனுப்பும் செலவுதான் ஆளைச் சாய்க்கும். கூரியர்காரர்கள் பெட்டியின் கொள்ளளவை வைத்தும் எடை போடுவார்கள். நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 70-க்கு 70-க்கு 20 பெட்டி என்றால் 19.6 கிலோ வருகிறது, உள்ளே இருப்பது இரண்டு கிலோகூடத் தேறாது. சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் வீல் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். கூரியரின் கட்டணம் அதன்மேல் வரும். அடையாள ஆவணங்களை முன்கூட்டியே பதிவேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி சுங்கத்தில் கிடக்கும். பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்ல வேண்டாம். வழியில் உடைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

உப்பு

கார்பனை உப்பு தொடாது. ஆனால் கார்பனோடு ஒட்டியிருக்கும் அலுமினியத்தைத் தொடும். உப்பு ஈரம் நடுவில் இருந்தால் கார்பனும் அலுமினியமும் சேர்ந்து மின்கலமாகி, அலுமினியம் அரிக்கும். படகு எஞ்சினில் துத்தநாகக் கட்டி வைக்கிறோமே, அதே வேதியியல்தான். கம்பி வகை டிஸ்க் வீலில் இப்படிப் போவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் அலுமினிய நிப்பிள்கள். தகட்டுக்குள் மறைந்திருப்பதால் வெள்ளைப் பொடி பூத்து அறுந்த பிறகுதான் தெரியும். பித்தளை நிப்பிள் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டி வந்தவுடன் ஈரத்துணியை நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் போதும். நம் ஊரில் நல்ல தண்ணீரின் அருமை தெரியும், வாளி வாளியாக ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றவும் கூடாது. நுரை வைத்த வீலுக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே வராது. போர் தண்ணீரில் துடைக்காதீர்கள், கரையோரம் பல இடங்களில் அதுவே உப்பு. அச்சு, ஃப்ரீஹப், கேசட் வளையம் எல்லாவற்றிலும் படகுக்குப் போடும் நீர்தாங்கும் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். பேரிங் எண் அதன் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். உதாரணமாக 6902 2ஆர்எஸ் என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இது சைக்கிள் கடையில்தான் கிடைக்கும் என்றில்லை. மதுரையில் எஸ்கேஎஃப், என்டிஎன் விற்கும் எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கலாம். ரப்பர் மூடி உள்ளதையே கேளுங்கள், இரும்பு மூடி உப்புக் காற்றுக்கு ஆகாது. மூடிய காருக்குள் வெயிலில் வீலைப் போட்டுவைத்தால் டயரில் காற்றைக் குறைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு சின்னப் பொருள் பாக்கி. டிஸ்க் வீலில் வால்வு ஒரு சின்னக் குழிக்குள் இருக்கும், சாதாரணப் பம்பின் தலை உள்ளே நுழையாது. அதற்கு வளைந்த அடாப்டர் ஒன்று வேண்டும், விலை சில நூறு ரூபாய்தான். வீல் வாங்கும்போதே அதையும் இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை வீட்டுப் பம்பிலேயே மாட்டிவையுங்கள். மற்றொன்றை மாற்று டியூபோடு சேர்த்துச் சீட்டுப் பைக்குள் போடுங்கள். அரிச்சல்முனையில் முள் ஏறினால், அது இல்லாமல் கையில் பம்பு இருந்தும் காற்று ஏற்ற முடியாது.